கால் வைக்க இடமில்லாத நெப்டியூன்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றதால் எழுத்துப்பிழையும் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாறசாலையிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறேன். மீன்பிடி வள்ளங்களுக்கு எங்கள் ஐஸ்தான். கல்லூரியில் படிக்கும் என் மகள், மாதா கோயில் திருவிழாக் கண்காட்சியில் நெப்டியூனைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத என் சுபாவம்தான் அவளுக்கும். முதல் தடவையாக மைக் பிடிக்கப்போகிறாள். நெப்டியூன் ஒரு பனிப் பெருங்கோள் என்றாள். பாதியாக வெட்டியது போல அதன் மாதிரி உருவம் ஒன்று செய்து தருகிறேன் என்றேன்.

ஐஸ் எனக்குத் தெரியாததா? டப்பாவில் தண்ணீர் ஊற்றி உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்கினால் ஓரம்தான் முதலில் உறையும். நடு கடைசிவரை தண்ணீராகவே நிற்கும். அதே போல தெர்மோகோலில் கனமான வெள்ளை ஓடு செய்து, நடுவில் தண்ணீர் நிறம் பூசினேன். திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் காட்டினேன்.

மகள் முகம் வாடிவிட்டது.

"அப்பா, இதுக்கு ஓடே கிடையாது. வெளிய முழுக்க வாயுவாக்கும். உள்ள போகப்போக ஒரே நெருக்கம், பயங்கர சூடு."

"சூடுன்னா பின்ன எதுக்கு மக்கா பனின்னு பேரு?"

"தண்ணி, அம்மோனியா, மீத்தேன், இதுக்கெல்லாம் விஞ்ஞானிங்க வச்ச பேரு. அங்க அது கெட்டிக் குழம்பு மாதிரி கிடக்கு. நடுவுல பாறை."

"அம்மோனியாவா? எங்க மெஷின்ல ஓடுதது?"

"அதேதான்."

"நாளைக்கு நாலு பேரு முன்னால பிள்ளைய நாணம் கெடுக்கவா பாக்குதியோ?" என்று மனைவி தன் நீல நைலான் சேலையைக் கொண்டுவந்து போட்டாள்.

வெள்ளை ஓட்டை உடைத்தேன். நடுவில் கல், சுற்றிலும் செம்மண் குழைத்த பூச்சு, அதன்மேல் பஞ்சு, பஞ்சின்மேல் சேலை. வளையம் வேண்டாம், அது கண்ணுக்கே தெரியாத மங்கல் என்றாள் மகள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள்: சூரியன் அங்கே ஒரு வெளிச்சப் புள்ளிதான், ஆனாலும் எந்தக் கோளிலும் இல்லாத வேகத்தில் காற்று அங்கேதான் அடிக்கிறது. வாங்குவதைவிட அதிகமான சூட்டை அது தன் உள்ளிருந்தே வெளியே விடுகிறதாம்.

மறுநாள் கூட்டம் நிறைந்தது. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். வள்ளக்காரர் ஒருவர் பஞ்சுக்குள் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எலே, இதுல காலு எங்க வைக்கது?"

நான் மகளைப் பார்த்தேன்.

"வைக்க இடமே இல்ல மாமா," என்றது மைக். "உள்ள தாந்துகிட்டே போவியோ."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு நிற்காமல் பேசினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்தக் காற்றைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கியதும் வள்ளக்காரர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தார்கள்.

29 டிசம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை.