தாய்மாமன் வரிசையில் ஓர் இடைவெளி

என் கவிதையைக் கொன்றவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. பழனிசெட்டிபட்டியில் விழாப் பத்திரிகைகளுக்கு டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில்தான் நானும் எழுதுகிறேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே நான் விடும் வெற்றிடம்தான் என் கவிதையின் மூச்சு. சிற்றிதழில் அச்சாகி வந்தபோது மூச்சே இல்லை. தலையணைக்குள் திணித்த பஞ்சு மாதிரி எல்லாம் ஒரே பத்தி.

கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் எடிட்டர் மென்பொருளின் செட்டிங்ஸைத் திறந்து, இடைவெளியைத் தொடாதே என்று மாற்றினேன். சேவ் செய்தேன். கண்ணெதிரே வரிகள் நெருங்கி ஒட்டிக்கொண்டன. செட்டிங்ஸில் நான் சொன்னது அப்படியே இருக்கிறது. யாரோ அதை மீறுகிறார்கள். மூடித் திறந்தேன். மென்பொருளோடு ஒட்டியிருந்த பிளக்-இன் துணைநிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். மேற்கு மலைக் காற்று ஷட்டரை உலுக்கிக்கொண்டே இருந்தது, என் பல்லை நானே கடிக்கிற சத்தம் போல.

மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொன்னதும் அகப்பட்டது. கடையின் பெரிய ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஒரு சின்ன ஃபைல். சேவ் செய்யும்போது அதிகப்படி இடைவெளியை நீக்கு என்றது அது. ஃபோல்டரில் அது இருக்கும்வரை என் சொந்த செட்டிங்ஸ் செல்லாக்காசு.

"நாந்தேன் போட்டேன் மாமா," என்றான் மச்சினன். "சொந்தக்காரவுக பேரு வரவரச் சேக்கணும்ல? மூத்தவுக எளையவுக வரிசைக்கு எடம் விட்டே அடிப்பேன். பேரு வராத எடத்த, சேவ் பண்ணா அதுவே முழுங்கிரும்."

"என் கவிதையவும் முழுங்கிருச்சே மாப்ள."

"வெத்து எடத்தப் போயி யாரு மாமா படிக்கப் போறாக?" சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. மாற்று எளிது: உள் ஃபோல்டரில் இருக்கும் ஃபைல், வெளியே இருப்பதை வெல்லும். கடை ஃபோல்டருக்குள் இருக்கும் என் கவிதை ஃபோல்டரில், இடைவெளியைத் தொடாதே என்று எனக்கென ஒரு ஃபைல் வைத்தேன். மூச்சு திரும்பியது. ஆனால் அச்சில் செத்தது செத்ததுதானே?

அவன் மகளுக்குக் காதணி விழா வந்தது. அந்தப் பத்திரிகை ஃபோல்டருக்குள்ளும் என் ஃபைலின் நகல் ஒன்றை வைத்தேன்.

தாய்மாமன்மார் மூவர், அவன் மனைவியின் சகோதரர்கள். நடு ஆளுக்கும் அவர் அப்பா வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சமாதானமானால் சேர்க்கலாம் என்று நடுவில் இடம் விட்டு அடித்தான். அவர் சமாதானத்துக்கு வரவில்லை. வழக்கம்போல் சேவ் செய்து, திரும்பிப் பாராமல் அச்சுக்கு அனுப்பினான்.

பத்திரிகை ஊருக்குப் போனது. மூத்தவருக்கும் இளையவருக்கும் நடுவே, பல் விழுந்த வாய் போல ஒரு பள்ளம். உத்தமபாளையத்திலிருந்து அவன் மாமனார் கடைக்கே வந்துவிட்டார்.

"எங்க வீட்டுச் சண்ட வீட்டோட இருந்துச்சு. இப்பிடிப் பொக்கையாக் காட்டணுமா மாப்பிள்ள? ஊரே கேக்குது!"

"அது வெத்து எடந்தேன் மாமா..."

"வெத்து எடமா? அங்கன என் மகன்ல நிக்கிறான்!"

பெரியவர் அந்த வெள்ளையின் மேல் விரலை வைத்தார். மெதுவாக, மேலிருந்து கீழே, கண் கலங்க இறக்கினார். மச்சினன் என் பக்கம் திரும்பினான். நான் டீயை ஊதினேன்.

"படிக்கிறாக மாப்ள," என்றேன்.