பக்கத்துப் பலகையில் என் அம்புகள்

வில் வந்த அன்று என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "இத எங்க வைக்கப் போறிய?" என்பதுதான். நியாயமான கேள்வி. தாராவியில் எங்கள் வீடு பத்தடிக்குப் பத்தடி. வில் ஆறடி. நாண் ஏற்றாதபோது அது பார்வைக்கு வெறும் நீளக் கம்பு. மூங்கிலையும் மரத்தையும் ஒட்டி இழைத்து, நடுவில் பிடித்துக்கொள்ளத் தோல் சுற்றிய கம்பு. அவள் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள்.

"துணி காயப் போடவாது ஆவுமா?"

"ஆகாது."

"அப்ப என்னத்துக்கு?" என்றாள். மறுநாள் அவளே பழைய ஜன்னல் திரையை வெட்டி வில்லுக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். பெரிய பெரிய சூரியகாந்திப் பூ போட்ட உறை.

நான் மாட்டுங்காவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை செய்கிறேன். பத்தாவது முடித்ததும் சேர்ந்தவன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் தேவ்நார் பக்கம் ஒரு மைதானத்தில் வில் பழகுகிறவர்களின் பரிசுப் படங்களுக்குச் சட்டம் போட்டு, கொண்டுபோய் மாட்டினேன். ஆணி அடித்து முடித்த பிறகும் நின்று வேடிக்கை பார்த்தேன். அங்கே சொல்லிக் கொடுக்கும் மராட்டி வாத்தியார், "அங்கிள், ஒண்ணு விட்டுப் பாருங்க" என்று ஹிந்தியில் கூப்பிட்டார். எனக்கு மறுத்துப் பேச வராது. மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும், சம்மதிப்பதற்குத் தலையாட்டினால் போதும். தலையாட்டினேன். அதிலிருந்து ஞாயிறு காலை தவறாமல் போகிறேன்.

அந்த மைதானத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரோடும் பேச வேண்டாம் என்பது. பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்கே மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிற ஆள் நான். இங்கே விசில் ஊதினால் கோட்டில் நின்று அம்பு விட வேண்டும். மறுபடி ஊதினால் நடந்துபோய் அவரவர் பலகையில் குத்தியிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். காலை முழுவதும் ஒரு வார்த்தை பேசாமல் இருக்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முதலில் க்ளப்பின் உலோக வில்லில் பழகினேன். அதில் திருகாணிகள், குறி பார்க்க ஒரு கருவி, ஆட்டத்தை அடக்க ஒரு தடி. மரத்தோடேயே இருந்த கைக்கு அது ஒட்டவில்லை. பூனா பக்கம் ஒருவர் பழைய முறையில் நீள வில் செய்கிறார் என்று தெரிந்து, எழுதிக் கேட்டு வரவழைத்தேன். போன் பண்ணவில்லை, எழுதித்தான் கேட்டேன். வில்லோடு இருபத்து நாலு மரக்குச்சிகளும் இறகுகளும் அனுப்பியிருந்தார். "வில்லுக்குப் பொருந்துகிற குச்சியாகப் பொறுக்கிக்கொள்ளவும்" என்று ஒரு சீட்டு.

குச்சி பொறுக்க எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? முப்பது வருடமாகச் செய்கிற வேலை அதுதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து நுனி பார்த்தேன். எல்லாமே நேராக இருந்தன. அடுத்து இரண்டு கையிலும் பிடித்து மெல்ல அழுத்திப் பார்த்தேன். சட்டத்துக்கு எடுக்கிற கட்டை அழுத்தினால் வளைந்து கொடுக்கக் கூடாது. வளைந்தால் ஒரே மழைக்காலத்தில் மூலை விட்டுப்போகும். அப்படிச் சோதித்ததில் ஆறுதான் தேறின. இரும்பு மாதிரி ஆறு. வளைந்து கொடுத்த பதினெட்டையும் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஆறுக்கும் வார்னிஷ் அடித்து, இறகு ஒட்டி, சிவப்பு நூல் சுற்றி முடித்தேன். கடையில் செய்த எந்தச் சட்டமும் அவ்வளவு அழகாக வந்ததில்லை.

ஞாயிறு சுனாபட்டியில் ரயில் ஏறினேன். சரக்குக்காரர்கள் ஏறுகிற லக்கேஜ் பெட்டியில்தான் வில்லை நிறுத்த இடம் கிடைக்கும். மீன்கூடைக்காரி ஒருத்தி பூ உறையைத் தொட்டுப் பார்த்து, திரை மாட்டுகிற கம்பா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். குர்லாவில் ஏறிய ஒருவர் கம்பி என்று நினைத்து அதையே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இறங்கும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

மைதானத்தில் முதல் அம்பை விட்டேன். வில்லின் பக்கவாட்டில் டக்கென்று இடித்துக்கொண்டு போய், இடது பக்கத்துப் பலகையில் குத்தியது. இரண்டாவதும் அங்கேதான். ஆறும் அங்கேதான்.

அந்தப் பலகை ஓர் அம்மாவுடையது. வளர்ந்தது மாட்டுங்கா, வேலை அணுசக்தி நகரில், அளக்கிற கருவிகளைச் சரிபார்க்கும் வேலை என்று மற்றவர்கள் பேசிக் காதில் விழுந்திருக்கிறது. என் வயதுதான் இருக்கும். இரண்டு வருடமாகப் பக்கத்தில் நின்றும் நாங்கள் பேசியதில்லை. இப்போது ஒவ்வொரு விசிலுக்கும் நான் அவர் பலகை முன்னால் போய், "அது... என்னோடது" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"எடுத்துக்கோங்கோ. எனக்கு அம்பு மிச்சம்" என்றார்.

அடுத்த ஞாயிறு, என் அம்புகளைக் காட்டி, "வந்துட்டா உங்காத்து மனுஷா. வழி நன்னாத் தெரியறது" என்றார். வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தேன். நிற்கிற நிலையை மாற்றினேன். மூச்சைப் பிடித்தேன். கோளாறு என் கையில்தான் என்று முடிவே செய்துவிட்டேன். வாத்தியாரிடம் கேட்கலாம்தான். ஆனால் அவர், "மர வில்லைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது அங்கிள்" என்று முதல் நாளே கையை விரித்திருந்தார்.

மூன்றாவது ஞாயிறு, அந்த அம்மாவின் பலகைக்கும் அப்பால் போன அம்பு ஒன்று அடுத்த பலகையின் இரும்புக் காலில் பட்டு முறிந்தது. அதற்கு முன்பே இன்னொன்றும் முறிந்திருந்தது. வாத்தியார் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்: "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம். அதுக்கப்புறமும் பக்கத்து போர்டுக்குப் போச்சுன்னா இந்த வில் வேண்டாம். யார் மேலயாவது பட்டா என்ன பண்றது?"

அவர் சொன்னது சரிதான். ரயிலில் சூரியகாந்தி உறையைப் பிடித்துக்கொண்டு, இதைத் துணி காயப் போடத்தான் பயன்படுத்த வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

முறிந்த இரண்டுக்குப் பதில் வேண்டும். தேறிய குச்சி வேறு இல்லை. கட்டிலுக்கடியிலிருந்து கழித்ததில் இரண்டை வேண்டா வெறுப்பாக எடுத்து இறகு ஒட்டினேன். சிவப்பு நூல் தீர்ந்திருந்தது. மனைவியின் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூல் எடுத்துச் சுற்றினேன்.

நாலாவது ஞாயிறு விசில் ஊதியதும் தலை குனிந்தபடியே அந்த அம்மாவின் பலகைக்குப் போனேன். அவர் என் அம்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாலுதான் இருக்கு. பாக்கி ரெண்டு எங்கே?"

திரும்பிப் பார்த்தேன். என் பலகையில் இரண்டு அம்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"பச்சை நூல் மட்டும் சொந்த ஆத்துக்குப் போயிருக்கே" என்றார். அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்த சுற்றிலும். அவர் வில்லைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பச்சை வந்து... கழிச்சுப்போட்ட குச்சிங்க."

"ஏன் கழிச்சேள்?"

"அமுக்கினா வளையுது."

"வளையறதுன்னா? எவ்வளவு வளையறது? அளந்தேளா?"

அளக்கவில்லை. வளைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றே பழகியவன், எவ்வளவு என்று எதற்கு அளக்கப்போகிறேன்?

திரும்பும்போது குர்லாவில் இறங்குகிறவர்களைப் பார்த்தேன். ஏறுகிற கூட்டத்துக்கு நடுவே விறைப்பாக இறங்கப் பார்த்தவரை இடித்து ஓரத்தில் தள்ளினார்கள். அவர் பின்னாலேயே ஒரு பெண் தோளைச் சாய்த்து, இடுப்பை ஒடித்து, நழுவி வெளியே போய்விட்டாள். என் வில்லின் நடுவே அம்பு போக வழி கிடையாது. பக்கவாட்டில் உரசிக்கொண்டுதான் போக வேண்டும். விறைத்த குச்சி இடித்துக்கொண்டு ஒதுங்குகிறது. கொஞ்சம் வளைகிற குச்சி வில்லைச் சுற்றிக்கொண்டு நழுவுகிறது. இவ்வளவுதான் விஷயம்.

திங்கட்கிழமை கடையில் சாப்பாட்டு நேரத்தில் மேசை விளிம்பில் பக்கவாட்டாக இரண்டு ஆணி அடித்தேன். ஆணிகளின் மேல் குச்சியைக் கிடத்தி, நடுவில் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று பின்னால் நிறுத்திய அட்டையில் பென்சிலால் கோடு போட்டேன். பச்சை நூல் குச்சிகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்தன. கழித்த பதினாறையும் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். சில அதற்கும் கீழே போயின, சில மேலேயே நின்றன. சரியாக அந்தக் கோட்டுக்கு வந்த நாலை எடுத்து, இறகு ஒட்டி, பச்சை நூல் சுற்றினேன்.

"என் நூலெல்லாம் காலியாவுது. ஜாக்கெட்டுக்கு என்ன செய்ய?" என்றாள் மனைவி.

ஐந்தாவது ஞாயிறு வாத்தியார் என் பின்னாலேயே வந்து கைகட்டி நின்றார். முதல் அம்பை விட்டேன். இடிக்கிற சத்தம் வரவில்லை. அம்பு என் பலகையின் ஓரத்தில் குத்தியது. இரண்டாவது கொஞ்சம் உள்ளே. நாலாவது நடுவட்டத்தைத் தொட்டது. ஐந்தாவது என் தப்பு, முன்னாலேயே மண்ணில் இறங்கியது, ஆனால் என் பலகைக்கு நேராகத்தான். ஆறாவதும் பலகைக்குப் போனதும் வாத்தியார் தலையாட்டிவிட்டு அடுத்த ஆள் பின்னால் போய் நின்றார்.

விசில் ஊதியது. நடந்தேன். நேராக அந்த அம்மாவின் பலகை முன்னால் போய் நின்றுவிட்டேன். அதில் என்னுடையது ஒன்றும் இல்லை.

"என்ன வேணும்?" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பழக்கத்துல வந்துட்டேன்."

அதோடு திரும்பியிருப்பேன். ஆனால் அவருடைய அம்புகளில் இரண்டு பலகையைத் தாண்டிப் பின்னால் புல்லில் கிடந்தன. மனதுக்குள் ஒத்திகை பார்க்காமலே வாயில் வந்துவிட்டது.

"உங்காத்து மனுஷா ரெண்டு பேருக்கு வழி தெரியல போலிருக்கே."

அவர் திரும்பிப் புல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பாருங்கோ! இத்தனை நாள் வாயே திறக்காத மனுஷர்!" என்று சொல்லிக்கொண்டே அம்பைத் தேடப் போனார். நானும் கூடப் போய்த் தேடினேன்.