நோன்பு நாளில் சாயா குடித்த அம்மாவன்

பாறசாலை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சாயாக்கடையில் எங்கள் அம்மாவன் பருப்புவடையைப் பிய்த்துத் தின்று, சாயாவை ஊதி ஊதிக் குடிப்பதை நான் பார்த்துவிட்டேன். அம்மாவன் என்றால் அம்மாவின் அண்ணன். வேறு எந்த நாளாக இருந்தாலும் ஓடிப்போய் மிச்ச வடையைப் பிடுங்கியிருப்பேன். அன்று ஓடவில்லை. அன்று கிப்பூர்.

யூதர்கள் என்று அந்த வட்டாரத்தில் எங்கள் ஒரு வீடுதான். வடக்கே எர்ணாகுளம் பக்கத்துச் சேந்தமங்கலத்திலிருந்து சோடா கம்பெனி நடத்த வந்த அப்பா, அம்மா, பிறகு நான். கிப்பூர் அன்று எங்கள் ஜனம் உலகத்தின் எந்த மூலையில் கிடந்தாலும் ஒரே நாளில் பட்டினி கிடந்து, ஒரே வாயாக மன்னிப்புக் கேட்கும். தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது, வண்டி வாகனம் ஏறவும் கூடாது. அம்மாவின் தங்கைமார் எல்லாரும் அந்த வருடம்தான் இஸ்ரேலுக்குப் போயிருந்தார்கள். அதன்பின் அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அன்று காலையில் வெள்ளைச் சேலை உடுத்தும்போது மட்டும் முகம் தெளிந்திருந்தது.

“இண்ணைக்கு ஒரு நாளு நாம தனி இல்ல மக்கா. அவளுகளும் நாமளும் ஒண்ணாக்கும் நிக்குதோம்.”

எங்களுக்கு நாள் சொல்பவர் எர்ணாகுளத்திலிருந்த அம்மாவன். அந்த வருடம் அவர் சொல்லியனுப்பிய ஆள் வந்து சேரவில்லை. அப்பா சோடா கம்பெனிக் கூரைக்கு மேலே பிறையைத் தேடினார், மழைமேகம். மேகம் விலகிப் பிறை கண்ணில் பட்ட நாளையே மாதம் பிறந்த நாளாக வைத்து எண்ணினார். ஒரு நாள் பிந்திப்போனோம். எங்கள் ஜனம் முழுக்கப் பட்டினி கிடந்த அன்று, நாங்கள் பொழியூர் மீன்காரியிடம் பேரம் பேசிச் சாளைக் குழம்பு வைத்துத் தின்றோம். நாளைக்கு மீன் வேண்டாம் என்றதற்கு, “அதென்ன, ஒங்க தம்புரானுக்கு எங்க கடலு பிடிக்கல்லியா?” என்று அவள் கேட்டுவிட்டுப் போனாள்.

இதெல்லாம் நான் வளர்ந்து பெரியவளான பிறகு அம்மாவனின் மனைவி சொல்லி அறிந்தது. அம்மாவன் முறைப்படி முந்தின நாளே நோன்பை முடித்துவிட்டு, அடுத்து வரும் பண்டிகைக்கு எங்கள் முற்றத்தில் ஓலைக்கூடாரம் கட்டித்தர வந்திருந்தார். பசியைத் தாங்க முடியாமல் தெருவில் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பாவியும் ஒரு வடையும்.

அவருக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சுவரோரம் நின்றுகொண்டேன்.

அவர் வாசற்படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பட்டப்பகலில் எரியும் விளக்கு. செருப்பில்லாத கால்களோடு, வெள்ளையுடுத்து, மேற்கே கடலைத் தாண்டி ஏதோ தெரிவதுபோல முகம் திருப்பி நிற்கும் அம்மா. அவள் பக்கத்தில் அப்பா. வேறு ஏதோ ஊரில் இறங்கிவிட்டவர் போல அம்மாவன் முழித்தார்.

அம்மா திரும்பினாள். “அண்ணா! கிப்பூரும் அதுவுமா ரயில்லயா வாறிய?”

அவர் பையை வாசலுக்கு வெளியிலேயே வைத்தார். செருப்பைக் கழற்றினார். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தார்.

“நேத்தைக்கே கேறினதாக்கும் மோளே. வண்டி நெய்யாற்றின்கரையில கெடந்துபோச்சு. ஸ்டேஷன்ல படுத்திட்டு, விடிஞ்சப்பம் நடந்து வந்தேன்.”

நடந்து வந்தாராம். மீசையில் வடைத்துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ரெண்டு நாளு முந்திப் பொறப்பட்டா என்னவாம்? நாங்க தனியா கெடக்குதோம்னு நெனப்பு வேணும்லா.”

“தப்பு எனக்குத்தான் மோளே,” என்றார். அம்மாவிடம் அவர் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை. துண்டால் வாயைத் துடைத்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

பாவங்களைச் சொல்லும் இடம் வந்தது. களவு செய்தோம், பொய் சொன்னோம் என்று ஒவ்வொன்றுக்கும் நெஞ்சில் தட்ட வேண்டும்.

“நான் களவெடுக்கல்லியே,” என்றேன்.

“நீ இல்லேண்ணா வேற யாராவது எடுத்திருக்கும். எல்லாருக்கும் சேத்தாக்கும் சொல்லியது. தட்டு,” என்றாள் அம்மா.

பொய் சொன்னோம் என்ற இடத்தில் அம்மாவனின் கை ஓங்கி விழுந்தது. உரிய ஆள்தான் தட்டுகிறார் என்று எனக்கு உள்ளூரத் திருப்தி.

பொழுது இறங்க இறங்க அவர் குரல் கம்மிக்கொண்டே வந்தது. ஒருமுறை கால் தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். அப்பா தாங்கப் போனபோது கையை விலக்கினார். வடை தின்ற மனிதருக்கு இவ்வளவு களைப்பா, நடிக்கிறார் என்று நினைத்தேன். முந்தின நாள் பட்டினி அவர் எலும்பில் இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது. அதன்மேல் இதையும் ஏற்றிக்கொண்டார். அடுத்த வருடத்திலிருந்து ஒரு மாதம் முன்பாகவே அவரே நேரில் வந்து நாள் சொல்லிவிட்டுப் போனார். அம்மா தன் கடைசிக் காலம் வரை எதுவும் அறியவில்லை.

நட்சத்திரங்கள் வந்தன. அப்பா முதல் சோடாவை உடைத்து அம்மாவனிடம் நீட்டினார். அவர் அதை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா குடிக்கவில்லை. இருண்டுபோன மேற்கையே பார்த்துக்கொண்டு, சின்னப்பெண் போலக் கேட்டாள்.

“அண்ணா, அங்க எல்லாரும் முடிச்சிருப்பாவளா?”

“கடைசி ஆளு வரைக்கும் இப்பந்தான் முடிஞ்சுது மோளே. நீ குடி.”

அம்மா கண்ணை மூடிச் சிரித்தாள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. சாயாவையும் வடையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, இந்த மனிதர் தன்னையும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொள்கிறாரே!