ஜப்பானிலிருந்து வந்த மஞ்சள் தொப்பி

கிழக்குத் தாம்பரத்தில் என் மகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை கோடை விடுமுறையில் ஜப்பானுக்குப் போய் வந்தார். மற்றவர்கள் என்றால் சாக்லேட் வாங்கி வருவார்கள். அவர் ஒரு கொள்கையோடு வந்தார். மூன்றாம் வகுப்பு முதல் பிள்ளைகள் தனியாக நடந்தே பள்ளிக்கு வரவேண்டும். தலையில் மஞ்சள் தொப்பி. சாலையில் கையை உயர்த்தினால் வண்டிகள் நின்றுவிடுமாம். பெற்றோர் கூட வரக்கூடாது.

"அங்க நிக்கும் மேடம். நம்ம கேம்ப் ரோட்ல நிக்குமா?" என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன்.

"நாம மாறினாத்தான் அவங்க மாறுவாங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

முதல் நாள் மகளுக்குத் தொப்பி மாட்டி, சிரித்த முகமாக அனுப்பிவைத்தேன். அவள் தெருமுனை திரும்பியதும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். மெயின் ரோட்டு டீக்கடை ஓரம் ஒதுங்கினால், எங்கள் காலனியே அங்கே ஹெல்மெட்டுக்குள் இருந்தது. ஒருவரையொருவர் தெரியாததுபோல நின்றோம்.

"இன்னாக்கா, எதுனா ஊர்வலமா? வழி வுடாம நிக்கிறீங்களே" என்றார் டீக்கடைக்காரர்.

மகள் கையை உயர்த்தினாள். நம்பமாட்டீர்கள், பேருந்து நின்றது. ஷேர் ஆட்டோகூட நின்றது. ஜப்பானே வந்துவிட்டது என்று நினைத்த நொடியில், எதிர்ப்பக்கமாக வந்த ஒரு ஸ்கூட்டர் அவள் புத்தகப்பையை உரசி நின்றது. தொப்பி பறந்துபோய்ப் பேருந்தின் சக்கரத்தடியில் விழுந்தது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டிவந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அவள் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா.

"சாரி மேடம். எல்லாம் மஞ்சளா இருக்கு, இதுல என் பையன் யாருன்னே தெரியல. தேடிக்கிட்டே வந்துட்டேன்."

திட்ட வாயெடுத்தேன். திரும்பிப் பார்த்தால், மகளிடம் ஓடிய அவசரத்தில் போட்டுவிட்டு வந்த என் ஸ்கூட்டரும் நடுரோட்டில்தான் கிடந்தது.

வாரக் கடைசியில் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. திட்டம் மாபெரும் வெற்றியாம். அடுத்து ஹாலந்து மாதிரி சைக்கிளாம். நான் கட்டைவிரல் படம் போட்டேன்.

இப்போது ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடந்து போகிறேன். புதுத் தொப்பியோடு கிளம்பிய மகள் கையைப் பிடிக்க விடவில்லை.

"கூட வந்தா மிஸ் திட்டுவாங்க. நீ முன்னாடி போம்மா, நான் பின்னாடி தனியா வரேன்."

சாலையோரம் போய் நின்று கையை உயர்த்துகிறேன். எனக்கு ஒரு வண்டியும் நிற்பதில்லை. பின்னாலிருந்து அவள் உயர்த்துகிறாள். பேருந்து நிற்கிறது. நாங்கள் கடக்கிறோம், தனித்தனியாக.