அறுப்பின் பண்டிகை ஏலமும் அண்ணனின் மெஸ் கட்டும்

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. அவருடைய நற்குணங்களை வரிசையாக எழுதினால் முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார். ஆகவே நாங்கள் இருவரும் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அவர் காசைக் கையாண்ட விதத்தைச் சொல்கிறேன். அவரை அறிந்துகொள்ள அது போதும்.

அண்ணன் குளத்தூரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டினார். மழை பெய்தால் படகு கரையில் கிடக்கும், எங்கள் வீட்டுச் செலவும் அதோடு சேர்ந்து கட்டிப்போடப்படும். அண்ணன் முதுகலை இரண்டாம் ஆண்டிலும் நான் முதலாம் ஆண்டிலும் திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தோம். மாதம் பிறந்ததும் அப்பா இருவருக்குமான பணத்தை அண்ணன் கையில்தான் கொடுப்பார். என்னை அவர் நம்பவில்லை, அதில் நியாயமும் இருந்தது.

அண்ணன் முதலில் கட்டணங்களுக்கு எடுத்து வைப்பார். அடுத்தது விடுதிச் சாப்பாடு, பிறகு ஜெராக்ஸ், பஸ். கடைசியில் ஆசைக்கு என்று ஒரு சின்னப் பங்கு. சனிக்கிழமை ரயில் நிலையத்துக்கு எதிர்க்கடையில் இரண்டு சாயாவும், ஏத்தன் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த ஒரு பழம்பொரியும் அதில் அடங்கும். பழம்பொரியை இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டை என் பக்கம் தள்ளுவார். "ஆசைக்குத் தனியா மாத்தி வைக்கணும் மக்கா. இல்லேன்னா அது சாப்பாட்டுக் காசைத் தின்னுபோடும்" என்பார்.

இவ்வளவு கெட்டிக்காரர்தான் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில், காணிக்கைப் பொருட்களை விற்கும் ஏலத்தில் வசமாக மாட்டிக்கொண்டார். அம்மா காணிக்கையாக வைத்த ஏத்தன் வாழைக்குலை ஏலத்துக்கு வந்தது. வீட்டார் விலையை ஏற்றிவிடுவதும், வளைகுடாவில் வேலை பார்த்த மாமா விடுமுறைக்கு வந்திருந்தால் கடைசியில் பெருந்தொகை சொல்லி எடுப்பதும் எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அந்தத் தைரியத்தில் அண்ணன் விலையை ஏற்றிக்கொண்டே போனார். அன்று வந்திருந்தும் மாமா தலை நிமிரவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். குலை அண்ணன் தலையில் விழுந்தது.

சபைச் செயலாளர் "பைய தந்தா போதும்" என்றார். அண்ணன் கேட்கவில்லை. அப்பா அன்று காலையில் தந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். மிஞ்சியது என்னுடைய தேர்வுக் கட்டணத்துக்கும் சில்லறைச் செலவுக்கும்தான் காணும். கட்டணத்தைக் கட்டினால் சாப்பாட்டுக்கு இல்லை. கட்டாவிட்டால் எனக்கு ஒரு வருடம் போய்விடும்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் பொருமினேன். "மாமா ஏன் அண்ணா இப்பிடிச் செய்தாவ?"

"மாமாக்க மொகத்தப் பாத்தியா நீ? அவியளுக்கு அங்க என்னமோ ஆயிருக்கு. நீ வாயத் தொறக்காத."

அவர் ஊகித்தது சரி. மாமா வேலை போய் ஒரேயடியாகத் திரும்பி வந்திருந்தார். அதை யாரிடமும் சொல்ல முடியாமல் அன்று உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே அண்ணன் என் கட்டணத்தைக் கட்டினார். இருவருக்கும் அந்த மாதம் முழுவதும் மெஸ் கட் எழுதிக் கொடுத்தார். விடுதியில் சாப்பிடாத நாட்களுக்குக் காசு பிடிக்க மாட்டார்கள், அதற்குத்தான் அந்தப் பெயர். வீட்டில் தங்கி, பக்கத்துப் பாறசாலையிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்வரலானோம். சீசன் டிக்கெட்டுக்கு ஆசைப் பங்கும் பஸ் காசும் உதவின. மதியத்துக்கு அம்மா வாழையிலையில் கட்டித் தந்த பொதிச்சோறு. சாயங்காலம் அந்தக் குலையின் பழம், அவித்தும் அவிக்காமலும். எங்கள் பெட்டியில் வந்தவர்கள்கூடத் தின்று அலுத்தார்கள். சனிக்கிழமை எதிர்க்கடையைத் தாண்டும்போது அண்ணன் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நடப்பேன். என் படிப்புக் காலத்தில் நான் திரும்ப ஆசைப்படும் மாதம் அது ஒன்றுதான்.

பிறகு அண்ணன் நெய்யாற்றின்கரையில் அரசு வேலைக்குச் சேர்ந்தார், அண்ணியை மணந்தார், ஒரு மகளைப் பெற்றார். விடுதிக்குக் கிளம்பும் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் "மெஸ் கட்டுன்னா என்னன்னு தெரியுமா?" என்று பிடித்துக்கொள்வார். பிள்ளைகள் அவரைக் கண்டால் வேறு வழியாகப் போவார்கள். கடைசி நாட்களில் மருத்துவமனையில் ஒரு பழம்பொரி கேட்டார். வாங்கிப் போனேன். தின்ன அவருக்குத் தெம்பில்லை. பிய்த்து, பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார். என்னால் அதைத் தின்ன முடியவில்லை.

அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், இரவும் பகலும் துணைநின்ற திருப்புறம் ஊர் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு அண்ணன் நினைவாக ஓர் ஏத்தன்குலை வைத்தோம். இப்போது திருவனந்தபுரத்தில் படிக்கும் அண்ணன் மகள், அந்த மாதப் பணம் முழுவதும் போனில் இருக்க, கையைத் தூக்கி விலையை ஏற்றினாள். ஒரு தரம், இரண்டு தரம். பின்வரிசையில் மாமா கம்பை ஊன்றி எழுந்தார். அவர் சொன்ன தொகைக்கு மேல் யாரும் போகவில்லை. குலையை அவளிடமே கொடுத்தார்.

"மெஸ் காசு அங்கயே இருக்கட்டும் மக்கா. ஒனக்க அப்பன் அன்னு எனக்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல."

அந்தக் குலை பழுத்துவிட்டது. இந்த நினைவு மலரோடு உங்கள் கையில் தரும் பழம்பொரி அதில் செய்ததுதான். பக்கத்தில் இருப்பவருக்குப் பெரிய துண்டைக் கொடுங்கள்.