பாதி இலை

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று என் கணவர் வாழையிலை போட்டுப் பரிமாறினார். தட்டில் சாப்பிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று அவருக்குத் தெரியும். சாப்பிட்டு முடித்ததும் சண்டைக்குப் போனேன். "அரை வயித்துக்குக்கூட சோறு போடல. உப்பு எங்க? ஊறுகா எங்க? கோஸ் கூட்டு பண்ணேன்னு சொன்னீங்களே, அது இன்னா ஆச்சு?" அவர் என் இலையை அப்படியே சுற்றித் திருப்பி வைத்தார். மீதிச் சோறு, உப்பு, ஊறுகாய், கூட்டு, அப்பளம் எல்லாம் என் முன்னால் வந்து நின்றன. மனுஷன் இந்த வயதில் வித்தை காட்டுகிறாரே என்றுதான் நினைத்தேன்.

விழுப்புரத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக நாங்கள் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறோம். அடுப்பு அவர் பொறுப்பு, பந்தி என் பொறுப்பு. பரிமாறி முடிந்ததும் வரிசை முழுக்க ஒருமுறை நடந்து, எல்லா இலையும் நிறைந்திருக்கிறதா என்று பார்த்து, "சாப்பிடுங்க" என்று நான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் யாரும் கை வைக்க மாட்டார்கள். என் ஆட்கள் எனக்குக் கண்கொத்திப் பாம்பு என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். உள்ளுக்குள் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பக்கவாதத்தில் கை கால் தப்பியது. இடது கை கொஞ்ச நாள் மரத்திருந்து சரியாகிவிட்டது. "மூளையில வலப்பக்கம் அடைப்பு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. இடதுபக்கம்னு ஒண்ணு இருக்கறதே மூளைக்கு மறந்துபோச்சு" என்றார் டாக்டர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மறந்துபோனால் எனக்குத் தெரியாதா? பஸ் ஸ்டாண்டில் 'வனம்' என்று மட்டும் போர்டு வைத்த பஸ்ஸைப் பார்த்து, பெயரைக்கூட முழுசாக எழுதத் தெரியாதவன் எல்லாம் வண்டி ஓட்டுகிறான் என்று திட்டினேன். அது திண்டிவனம் பஸ்.

பிசியோதெரபி அறையில் கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் வருவார். வளைகுடாவில் பல வருஷம் கடை நடத்தியவர். அவருக்கு மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. நாம் பேசுவதெல்லாம் புரியும், வாயைத் திறந்தால் "அதான், அதான்" என்பதைத் தவிர வேறு வராது. சொல்ல நினைத்தது வராமல் கண் கலங்கிவிடுவார். அவருக்குத் தன்னிடம் என்ன போயிற்று என்று தெரிந்திருந்தது, அதனால் அழுதார். எனக்குத் தெரியவில்லை, அதனால் சண்டை போட்டேன். "எந்த இடத்துல அடிபடுதோ அந்த வேலைதாம்மா நிக்கும். ஆளுக்கு ஒரு இடம்" என்றாள் பயிற்சி கொடுக்கிற பெண். குயிலாப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், பொறுமைசாலி.

நோட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்பு கண்ல படற வரைக்கும் தலையைத் திருப்புங்க. அப்பறம் படிங்க" என்பாள். சின்னப் பிள்ளை போல என்னை நடத்துகிறாளே என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் வீட்டில் கணவர் வேறு, "பந்தியை இனிமே வேற யாராவது பாத்துக்கட்டும், நீ உக்காரு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். பந்தியில் நிற்காமல் நான் என்ன செய்வேன்? டேப் வேண்டாம், எனக்கு இலையே போதும் என்று முடிவு செய்தேன். சாப்பிட உட்காருகிறவருக்கு இலையின் நுனி எப்போதும் இடப்பக்கம்தானே. நுனியை விரலால் தொட்ட பிறகுதான் சோற்றில் கை வைப்பது என்று வைத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் என் இலை சுத்தமாகக் காலியானது.

அந்தத் தைரியத்தில் விக்கிரவாண்டியில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போய், கரண்டியை நானே வாங்கிப் பரிமாறினேன். நாலு இலை தாண்டியதும் ஒரு பெரியவர், "இன்னாம்மா, எல்லாத்தையும் ஒரே ஓரமா கொட்டிக்கினு போறீங்க?" என்றார். கணவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் திருப்பினார். நாலு இலையிலும் பொரியல், கூட்டு, பச்சடி எல்லாம் நுனிப் பக்கம் குவிந்து கிடந்தன. அடிப்பக்கம் வெறும் பச்சை. பரிமாறுகிறவள் எதிரில் அல்லவா நிற்கிறாள்? அங்கே நின்றால் நுனி எனக்கு வலப்பக்கம். அதைப் பார்த்ததும் முழு இலையையும் பார்த்துவிட்டதாக நம்பிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். இத்தனை வருஷம் எதிரில் நின்று பரிமாறியவளுக்கு இது தோன்றவில்லை.

அவமானத்தில் முகம் எரிந்தது. ஆனால் வீடு திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. அதுவரை எனக்குக் குறை இருக்கிறது என்று மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருந்தேன். அன்று அந்தப் பச்சையை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். என்ன போயிற்று என்று தெரிந்துவிட்டது, இனி அதை விடுவேனா?

மறுநாளிலிருந்து வீட்டு மேசையில் இலைகளைப் போட்டு எதிரில் நின்று பழகினேன். சாப்பிடும்போது நுனி, பரிமாறும்போது அடி. நறுக்கிய காம்பு கண்ணில் படாமல் கரண்டியைச் சாய்க்கக் கூடாது. கணவர் விருந்தாளியாக உட்கார்ந்து, மாப்பிள்ளை போல முறுக்கிக்கொண்டு, "கூட்டு வரலியே" என்பார். வாரக்கணக்கில் தினமும் உட்கார்ந்தார். அவருக்கு இடுப்பு பெருத்ததுதான் மிச்சம்.

ஆவணி முகூர்த்தத்துக்குத் திண்டிவனத்தில் பெரிய மண்டபம். ஆட்கள் பரிமாறினார்கள், பந்தி விசாரிப்பு எனக்கு. நடுவில் நடை, இரண்டு பக்கமும் வரிசை. போகும்போது வலப்பக்கத்தை மட்டும் பார்த்து, திரும்பி வரும்போது மற்றதைப் பார்த்தால் வேலை சுலபமாக முடிந்துவிடும். அப்படித்தான் செய்யச் சொல்லி அனுப்பியிருந்தார் கணவர். எனக்கு அதற்கு மனம் வரவில்லை. போகும்போதே இரண்டு வரிசையிலும் ஒவ்வோர் இலைக்கும் கழுத்தை இடப்பக்கம் திருப்பி, காம்பைக் கண்ணால் பிடித்த பிறகே அடுத்த அடி வைத்தேன். வேர்த்துக் கொட்டியது. சமையல்கட்டு வாசலில் கையில் கரண்டியோடு அவர் நிற்பது தெரிந்தது.

இடது வரிசையில், கடைசிக்கு நாலு இலை முன்னால், காம்புப் பக்கம் ஒரு சின்னப் பச்சை. கூட்டு இல்லை. உட்கார்ந்திருந்தவரே கவனிக்கவில்லை.

"இங்க கூட்டு போடல" என்றேன்.

"போட்டேன்க்கா" என்றார் பரிமாறியவர், பாதி வரிசை தூரத்திலிருந்து.

"வந்து பாருங்க."

வந்து பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு கூட்டு வைத்தார். வாசலில் நின்ற கணவர் கரண்டியோடு கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஆனாலும் பந்தி காத்திருக்கிறதே. வரிசையின் கடைசி வரை நடந்து, திரும்பி நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "சாப்பிடுங்க" என்றேன். எல்லாக் கையும் இலைக்குப் போனது. இரண்டு பக்கமும் பார்த்தேன், விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.