தீப்பெட்டியில் வந்த பொருக்கு

என் நைனாவின் முகத்தில் எத்தனை தழும்பு என்று யாரும் எண்ணியதில்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்புக்கம்பி ஆலையில் முப்பது வருடம் உலைக்கு எதிரே நின்றவர். எழுபத்து மூன்றாம் வயதில் இடது காதுக்கு முன்னால் ஒரு புண் ஆறாமல் கிடந்தபோது, அதுவும் பொறி பட்ட பழைய காயம் என்றே நினைத்தார். நானும் அப்படியே நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம். அதற்காக என்னை நானே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

சென்னையில் ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்துப் பார்த்துவிட்டுத் தோல் புற்றுநோய் என்றார்கள். மெதுவாக வளர்கிற வகைதான், ஆழமாக இறங்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னது என் காதில் ஏறவே நேரமாயிற்று. நைனாவுக்கு இதயம் பலவீனம், கத்தி வைக்க யோசித்தார்கள். திரவ நைட்ரஜனால் உறையவைத்துப் பார்க்கலாம், அதற்கும் போகாவிட்டால் அறுவைதான் என்றார்.

நைனா சிரித்தார். "முப்பது வருசம் நெருப்புல வெந்துக்கினு இருந்தேன். இப்போ ஐஸா?"

டீ ஃபிளாஸ்க் மாதிரி ஒரு குடுவை. அதன் மூக்கிலிருந்து வெண்புகை சீறியது. தோல் சுண்ணாம்பாய் வெளுத்தது. உருகியதும் மறுபடி ஒருமுறை. நைனா பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்துபோனது.

மறுநாள் கொப்புளம் கிளம்பியது. கை வைக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆலையில் கொப்புளத்தைக் கண்டால் குத்திவிடுவதுதான் பழக்கம் என்பதால், வீட்டிலிருந்த ஊசியை எல்லாம் ஒளித்துவைத்தேன். கொப்புளம் அடங்கிக் கறுத்த பொருக்காகி, ஒரு நாள் குளிக்கும்போது தானாக விழுந்தது.

மூன்றாம் மாதம் காட்டப் போனோம். போய் உட்கார்ந்ததும் நைனா சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே அந்தப் பொருக்கு. எனக்கு மானமே போயிற்று.

"இன்னா நைனா இது?" என்று பல்லைக் கடித்தேன்.

"தேஞ்ச பேரிங்கைக் காட்டாம கம்பெனி ஸ்டோர்ல எவன் புதுசு குடுப்பான்? கயண்டதைக் காட்டித்தான ஆவணும்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு லென்ஸை வைத்து அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"சுத்தமா இருக்குங்க ஐயா. ஆறு மாசத்துக்கு ஒருதரம் மட்டும் வந்து காட்டுங்க," என்றவர், தீப்பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் மீஞ்சூர் தாண்டுவதற்குள் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நைனா வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். தழும்புகளுக்கு நடுவே அந்த இடம் மட்டும் வெளிறி, வழவழவென்று இருந்தது.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்றார். "பழசை வாங்கி வெச்சிக்கினாங்க இல்ல? அப்போ புதுசு நம்மளுதுதான்."